கட்டியங்காரன்: ஒரு பெயரும் இரண்டு ஆட்களும்

விருந்துக்கு அழைத்தவரே ஒரு வேடத்தையும் கட்டிக்கொண்டு, வந்தவர்களுக்குச் சோறும் போட்டு, நடுவில் ஒரு கொலையையும் நடத்திவைத்து, அதைச் செய்தது யாரென்று வந்தவர்களோடு சேர்ந்து தாமும் தேடுகிற ஆட்டம் ஒன்று மேல்நாடுகளில் உண்டு. ஆங்கிலத்தில் அதை மர்டர் மிஸ்டரி பார்ட்டி என்பார்கள். ஆட்டத்தின் பெயரைத் தமிழாக்குவதில் தொல்லை இல்லை. கொலைமர்ம விருந்து என்றால் முடிந்தது. அதை நடத்தி, அதிலேயே நடிக்கவும் செய்கிற அந்த ஆளுக்கு என்ன பெயர் வைப்பது என்பதுதான் கேள்வி. சொற்களின்மேல் காதல் கொண்ட உங்களுக்கு இப்படிப்பட்ட கேள்வி காதில் விழுந்தால் பிறகு தூக்கம் எது? எனக்கும் அப்படித்தான்.

பெயர் தேடுமுன் ஆளைச் சற்று அருகில் போய்ப் பார்த்துவிடுவோம். 1949இல் இங்கிலாந்தில் வாடிங்டன்ஸ் நிறுவனம் க்ளூடோ என்ற பலகையாட்டத்தை வெளியிட்டபோது கொலையும் துப்பும் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தன. ஆனால் அங்கே நகர்ந்தவை காய்கள்தாம். 1985இல் அமெரிக்காவின் டிசைஃபர் நிறுவனம் பெட்டிபெட்டியாக விற்கத் தொடங்கிய 'ஹவ் டு ஹோஸ்ட் எ மர்டர்' வரிசையில் காய்களின் இடத்துக்கு மனிதர்களே வந்தார்கள். எட்டுப் பேர், எட்டு வேடம், ஆளுக்கொரு குறிப்பேடு. எதை வெளியே சொல்லலாம், எதை மறைக்க வேண்டும் என்று சுற்றுக்குச் சுற்று அந்தக் குறிப்பேடு சொல்லும். விருந்தளிப்பவருக்கும் அந்த எட்டில் ஒரு வேடம் உண்டு. ஆகவே, அழைப்பு அனுப்பியவரும் இலை போட்டவரும் ஆட்டத்தைத் தொடங்கிவைத்தவரும் அவரே என்றாலும், கொலையாளி யார் என்பது மற்றவர்களைப் போலவே அவருக்கும் தெரியாது. கொலையாளி அவராகவே இருக்கவும் கூடும். இன்னொரு வகையில் கதையை எழுதியவரே விருந்தும் வைப்பார். அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே துப்பறிவது போல நடிப்பது மற்றவர்களை ஏய்ப்பதாகிவிடும் என்பதால், இத்தகையவர்களில் பலர் ஓர் அழகான வழி கண்டிருக்கிறார்கள்: முதல் சுற்றிலேயே தாமே கொலையுண்டு விழுந்து, ஐந்து நிமிடம் கழித்து எழுந்து, தொப்பியை மாற்றிக்கொண்டு காவல் ஆய்வாளராக உள்ளே வருவார்கள். பிணமும் அவரே, விசாரணையும் அவரே, பாயசம் போதுமா என்று கேட்பவரும் அவரே.

இவரை ஆங்கிலம் 'ஹோஸ்ட்' என்ற ஒற்றைச் சொல்லால் அழைத்துவிடுகிறது. அந்தச் சொல்லின் மூலமாகிய இலத்தீன் 'ஹோஸ்பெஸ்' விருந்தளிப்பவரையும் குறிக்கும், விருந்தாளியையும் குறிக்கும். அதன் உடன்பிறப்பாகிய 'ஹோஸ்டிஸ்' முதலில் அயலாரையும் பின்னர் பகைவரையும் குறித்தது. வீட்டுக்குள் வருகிறவர் நண்பரா பகைவரா என்ற ஐயம் அந்தச் சொற்குடும்பத்தின் உதிரத்திலேயே ஓடுகிறது. நம் விருந்து என்ற சொல்லுக்கோ இந்தப் பதைபதைப்பு இல்லை. அதன் பழம்பொருள் புதுமை. தொல்காப்பியர் செய்யுளியலில் எண்ணும் எண்வகை வனப்புகளுள் விருந்தும் ஒன்று. புதிதாகக் கட்டப்படும் செய்யுளின் வனப்பு அது. புதுமை புதிதாய் வந்தவர்க்கு ஆகி, வள்ளுவரின் விருந்தோம்பலில் வாயிலில் நிற்கும் ஆளாகவே நின்று, பின் அந்த ஆளுக்குப் படைக்கும் உணவுக்கு இறங்கி, இன்று உணவையே தன் முதற்பொருளாகக் கொண்டுவிட்டது. சொல் ஆளைக் கைவிட்டு இலைக்குப் போனதால்தான் ஆளைக் குறிக்க மறுபடி ஓர் 'ஆளி'யை ஒட்டி விருந்தாளி என்கிறோம். ஓம்புதல் என்ற அருமையான வினை நம்மிடம் இருந்தும் ஓம்புகிறவருக்கு நாவில் புழங்கும் ஒரு பெயர் நிலைக்கவில்லை.

ஆட்டத்தின் மற்ற இரண்டு சொற்களும் இப்படி உள்ளடுக்கு உடையவைதாம். மர்மம் வடமொழி 'மர்ம'த்திலிருந்து வந்தது. அடித்தால் உயிர் போகும் இடம் என்பதே அதன் முதற்பொருள். வடமொழி அகராதிகள் அதை மரித்தலைக் குறிக்கும் வேரோடு சேர்த்துச் சொல்லும். வர்மக்கலை என்று தென்பாண்டி ஆசான்கள் சொல்லும் வர்மமும் இந்த மர்மமே. உயிர்நிலை மறைவானது, மறைவானது புதிரானது, ஆக, கொலைமர்மம் என்று சொல்லும்போது சாவை நாம் இருமுறை சொல்கிறோம். துப்பு இன்னும் சுவையானது. இன்று அது தடயம். திருக்குறளின் பன்னிரண்டாம் குறளில் அது உணவு. கொலைமர்ம விருந்தில் பரிமாறப்படுபவை இந்த இரண்டு துப்புகளுமே என்பதை நினைத்தால் தமிழ் இந்த ஆட்டத்துக்காக முன்கூட்டியே இலை விரித்துக் காத்திருந்ததோ என்று தோன்றும்.

நடத்துகிறவர் பெயருக்கு வருவோம். சட்டென்று நினைவுக்கு வரும் சொல் சூத்திரதாரி. வடமொழியில் அது சூத்திரதாரன், நூலைப் பிடித்திருப்பவன். எந்த நூல் என்பதில் இரண்டு மரபுகள் உள்ளன. தச்சரும் சிற்பியரும் அளவு பார்க்கப் பிடிக்கும் நூல் என்பது ஒன்று. வங்கத்தில் தச்சர் குலத்தார்க்கு இன்றும் சூத்ரதர் என்று பெயர் இருப்பது இதற்குத் துணை. பாவைக்கூத்தில் பொம்மையை ஆட்டும் நூல் என்பது மற்றொன்று. ஜெர்மானிய அறிஞர் ரிச்சர்டு பிஷெல் இந்திய நாடகத்தின் பிறப்பையே பாவைக்கூத்தில் தேடியது இந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டுதான். நூல் என்ற நம் சொல் இழையையும் ஏட்டையும் ஒருங்கே குறிப்பது போலவே சூத்திரமும் இழையாகவும் இலக்கண விதியாகவும் நிற்கிறது. தமிழுக்குள் வந்த சூத்திரம் இன்னும் சில அடி நடந்து, பொறி என்றும் தந்திரம் என்றும் பொருள் விரித்து, சூத்திரப்பாவை என்று கயிற்றில் ஆடும் பொம்மைக்குப் பெயர் கொடுத்தது.

அங்கிருந்து அது போன இடத்தைப் பாருங்கள். குண்டுவெடிப்பின் சூத்திரதாரி, ஆள்கடத்தலின் சூத்திரதாரி, கொலையின் சூத்திரதாரி என்று நாளிதழ்கள் எழுதுகின்றன; ஈழத்து இதழ்களில் 'பிரதான சூத்திரதாரி' என்பது வழக்கமான தொடர். நாடக மேடையில் நாந்திக்குப் பின் வந்து அவையை வணங்கியவர் குற்றப் பத்திரிகைக்குள் ஏறிவிட்டார். திரைக்குப் பின்னிருந்து ஆட்டுபவர் என்ற பொருள் ஒன்றே இந்த இடமாற்றத்துக்குப் போதுமாக இருந்திருக்கிறது. அப்படியானால் கொலைமர்ம விருந்தை நடத்துகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா என்று கேட்கத் தோன்றும். தடை ஒன்று உண்டு. வடமொழி நாடகங்களில் சூத்திரதாரன் முன்னுரையோடு விடைபெற்றுவிடுவான். நடியோடு இரண்டு வார்த்தை பேசி, கதையின் நுனியைக் காட்டிவிட்டு அகல்வதே அவன் முறை. அசாமில் சங்கரதேவர் வகுத்த அங்கியா நாட்டில் மட்டும் அவன் கடைசிவரை அரங்கில் நிற்பான். பொதுவாக அவன் கதையை அறிந்தவன், கதைக்குள் அகப்படாதவன். நம் விருந்தளிப்பவரோ அகப்பட்டவர்.

கதையைத் திறந்து வைத்துவிட்டுத் தானும் அதற்குள் அகப்பட்டுக்கொள்ளும் ஒருவனைத் தமிழ்க் கூத்து நெடுங்காலமாக அறியும். அவன்தான் கட்டியங்காரன்.

கட்டியம் என்பது அரசரையும் இறைவரையும் அவர்தம் விருதுகளை அடுக்கிப் புகழும் உரை. பவனிக்கு முன்னே நடப்பவன் அதை உரத்துச் சொல்வான். இடையிடையே 'பராக்' என்பான், 'எச்சரிக்கை' என்பான். இந்த இரண்டு கூவல்களின் பின்கதையும் வேடிக்கையானது. பராக்கு என்றால் கவனமின்மை. தெருவில் பராக்குப் பார்த்து நிற்காதே என்று பிள்ளைகளை அதட்டுகிறோம். கட்டியக்காரன் வாயில் அதுவே கவனி என்று ஆகிறது. எச்சரிக்கையும் அன்று வாழ்த்தின் ஒரு பகுதி. இறைவன் எழுந்தருளும்போது பாடும் பாட்டுவகைக்கே எச்சரிக்கை என்று பெயர் இருந்தது. இன்று மின்கம்பத்து மண்டையோட்டின்கீழ் அது பிழைத்திருக்கிறது. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் குற்றாலநாதர் பவனியை அறிவிக்கக் கட்டியக்காரன் வந்து நிற்கும்போது அவன் கையில் இருப்பது இந்தப் பழைய எச்சரிக்கைதான்.

கட்டியம் எங்கிருந்து வந்தது? கத்யம் என்ற வடசொல் உரைநடையைக் குறிக்கும். இராமாநுசர் அருளிய கத்யத்திரயம் என்ற பெயரில் அதைக் காணலாம். கட்டியமும் பெரும்பாலும் பாட்டாக அன்றி நீண்ட அடுக்குரையாக ஒலிப்பதால் கத்யமே கட்டியம் ஆயிற்று என்று கொள்ள ஆசை வரும். ஒலி இடங்கொடுக்கவில்லை. விருத்தம் வட்டம் ஆனதிலும் நிருத்தம் நட்டம் ஆனதிலும் மூலச்சொல்லில் இருந்த ரகரச் சாயல்தான் தகரத்தை டகரமாக வளைத்தது. கத்யத்தில் அந்தச் சாயல் இல்லை. அதன் இரட்டையாகிய பத்யம் தமிழில் பத்தியம் என்றே நின்றது, பட்டியம் ஆகவில்லை. கட்டு என்பதோடு வாத்தியத்தைக் குறிக்கும் இயத்தைச் சேர்த்துக் கட்டியம் என்று பிரிப்பது செவிக்கு இனிக்கும். பல்லியம் என்ற சங்கச்சொல் பக்கத்தில் வந்து நின்று தலையாட்டும். ஆனால் கட்டியம் வாயால் சொல்வது, வாசிப்பது அன்று. கட்டு என்ற வேரை மட்டும் வைத்துக்கொண்டால் வழி தெளிவாகிறது. பாட்டுக் கட்டுகிறோம், மெட்டுக் கட்டுகிறோம், கதை கட்டுகிறோம். விருதுகளை வரிசையாகக் கோத்துக் கட்டிய உரை கட்டியம் என்று கொள்வதற்கு ஒலியும் பொருளும் தடை சொல்லவில்லை. வேடமும் கட்டுவதுதான், கட்டுக்கதையும் கட்டுவதுதான் என்பதை நம் விருந்தின்பொருட்டு ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அரசவை போயிற்று, கட்டியக்காரன் கூத்துக் களத்துக்கு வந்து சேர்ந்தான். தொண்டைமண்டலத்தில், திரௌபதியம்மன் கோயில் பாரத விழாவில், இரவு பத்து மணிக்கு மேல் முகவீணையும் மத்தளமும் ஆர்மோனியமும் கூடி முழங்கும்போது, கூம்புக் குல்லாயோடு முதலில் ஆடிவருகிறவன் அவன். கடவுள் வணக்கம் முடிந்ததும் இன்று இன்ன கூத்து என்று அறிவிப்பான். இரண்டு பேர் துணித்திரையைப் பிடித்துக்கொண்டு நிற்க, திரைக்குப் பின்னிருந்து துரியோதனன் குரல் எடுப்பான். கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். திரை விலகி அவன் ஆடி ஓய்ந்ததும், ஐயா, தாங்கள் யார், எந்த நாடு, இங்கே வந்த காரியம் என்ன என்று கட்டியங்காரன் கேட்பான். துரியோதனன் தன் பேரும் பெருமையும் சொல்வான். அடுத்த நொடியே கேள்வி கேட்டவன் கைகட்டிக்கொண்டு அரண்மனைச் சேவகனாகிவிடுவான். போய் அழைத்து வா என்றால் தூதனாகிவிடுவான். அரசி வந்தால் தோழிகூட ஆவான். அதற்கு நடுவிலேயே அவையைப் பார்த்துத் திரும்பி, அத்தினாபுரத்துச் சாலையையும் அந்த ஊர்ச் சாலையையும் ஒப்பிட்டு ஒரு நையாண்டியை வீசுவான். அத்தினாபுரத்தின் ஊழியனும் உள்ளூர்க்காரனும் ஒரே உடம்பில் விடியும்வரை நிற்பார்கள். திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசையில் தம்பிரான் பரம்பரையினர் காத்துவரும் கூத்தைக் கண்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் இவன் பெயர் கட்டியகாரன். வட்டக்களரியில் அரசனின் கொலுவரவை முன்கூட்டி அறிவிப்பது அங்கே அவன் வேலை.

இதுவரை கட்டியக்காரன், கட்டியகாரன், கட்டியங்காரன் என்று மூன்று வடிவங்களையும் கலந்து வழங்கிவந்ததைக் கவனித்திருப்பீர்கள். பணம் பணக்காரன் ஆகிறது, தோட்டம் தோட்டக்காரன் ஆகிறது. மகரம் கெட்டு வல்லொற்று மிகுவதே இங்கே முறை. அந்த முறைப்படி கட்டியக்காரனே நேரான வடிவம். ஈழத்துக் கட்டியகாரன் ஒற்று மிகாமல், கொலைகாரன் என்ற சொல்லுக்கு அண்டைவீட்டில் குடியிருக்கிறான். கட்டியங்காரன் என்ற மெல்லொற்று வடிவத்துக்கு முறை தேட வேண்டியிருக்கிறது. யாரும் பணங்காரன் என்பதில்லை. கட்டியங்கூறுதல் என்ற தொடரில் மகரம் ஙகரமாவது இயல்பு. அந்த ஓசை நாவில் பழகி ஆள்பெயருக்கும் தொற்றியிருக்கலாம். ஆனால் தமிழ் படித்தவர்களின் காதில் அந்த ஓசையை இன்னொருவனும் ஊன்றிவைத்திருந்தான் என்பதை மறக்கக் கூடாது.

அவன் சீவக சிந்தாமணியின் கட்டியங்காரன். ஏமாங்கத நாட்டரசன் சச்சந்தன், மனைவி விசயையின்மேல் கொண்ட காதலால் ஆட்சியை அமைச்சனிடம் ஒப்படைத்துவிட்டு அந்தப்புரத்திலேயே தங்குகிறான். ஒப்படைக்கப்பட்ட அமைச்சன் அரண்மனையை வளைத்து அரசனையே கொல்கிறான். கருவுற்ற விசயை மயிற்பொறியில் ஏறித் தப்பி, சுடுகாட்டில் சீவகனைப் பெறுகிறாள். வளர்ந்த சீவகன் கடைசியில் பழிதீர்க்கிறான். அந்த அமைச்சன் பெயர்தான் கட்டியங்காரன். திருத்தக்கதேவர் காப்பியத்தை உ.வே.சாமிநாதையர் 1887இல் அச்சேற்றிய பிறகு இந்தப் பெயர் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்ததாயிற்று. வீட்டுப் பொறுப்பை ஏற்று நடத்தியவன், அரசன் என்ற வேடத்தைத் தானே எடுத்துப் பூண்டவன், கொலையும் செய்தவன், மூன்றும் ஒருவனே.

பெயர் ஒன்றாயினும் பிறப்பு வேறு. வாதீபசிம்மரின் கத்யசிந்தாமணி முதலிய வடமொழிச் சமண நூல்களில் இவன் காஷ்டாங்காரன். காஷ்டம் மரக்கட்டை, அங்காரம் தணல். செவ்வாய்க் கோளை அங்காரகன் என்கிறோமே, அந்தத் தணல்தான். காஷ்டம் பிராகிருதத்தில் கட்டம் ஆகும். ஆக இவன் கட்டைத்தணலான். தமிழுக்கு வந்தபோது தணல் என்ற பொருள் அவிந்து, அங்காரன் என்ற பகுதி பழகிய காரன் விகுதியாகக் கேட்கத் தொடங்கியது. நடுவில் ஓர் இகரம் நுழைந்து, கட்டியம் சொல்பவனின் பெயரோடு முழுமையாக இழைந்துவிட்டது. காரன் என்பதற்கு முன்னால் அந்த ஙகரம் இவனுக்குப் பிறப்புரிமை. அங்காரத்தின் ஙகரம் அது. கூத்தின் கட்டியங்காரனுக்கோ அது வந்தேறியது. அரசனின் புகழைப் பாடுகிறவனும் அரசனைக் கொன்றவனும் ஒரே எழுத்துகளால் எழுதப்படுகிறார்கள். ஒருவன் சொல்லின் வழியும் மற்றவன் நெருப்பின் வழியும் வந்து தமிழ் ஓசையில் சந்தித்துக்கொண்டவர்கள்.

இந்தச் சந்திப்பு மேல்நாட்டு ஆட்டத்தை நெருங்கிப் புரிந்துகொள்ளவும் உதவுகிறது. நையோ மார்ஷின் முதல் நாவலான 'எ மேன் லே டெட்' 1934இல் வந்தது. நாட்டுப்புற மாளிகையில் விருந்தினர் கொலையாட்டம் ஆடிக்கொண்டிருக்கும்போதே உண்மையில் ஒருவர் கொல்லப்படுகிறார். அகதா கிறிஸ்டி 1950இல் 'எ மர்டர் இஸ் அனௌன்ஸ்டு' எழுதினார். இன்ன வீட்டில், இத்தனை மணிக்குக் கொலை நடக்கும் என்று உள்ளூர் இதழில் விளம்பரம் வருகிறது, ஏதோ விளையாட்டு என்று அக்கம்பக்கத்தார் வந்து சேர்கிறார்கள், விளக்கு அணைகிறது. அந்த விளம்பரம் கொலைக்குக் கூறிய கட்டியம் அல்லாமல் வேறென்ன? ஊழலுக்குக் கட்டியம், வீழ்ச்சிக்குக் கட்டியம் என்று இன்றைய தலையங்கங்கள் எழுதும் அதே பொருளில், வரப்போவதை முன்னறிவிக்கும் கட்டியம் அது. அந்த வீட்டுக்காரி தம் பங்குக்கு என்ன வேடம் தரித்திருந்தார் என்பதைப் படிக்காதவர்களுக்காக விட்டுவைக்கிறேன். இந்த நாவல்களில் அழைத்தவர் நல்லவராக மட்டும் இருக்கக் கடமைப்பட்டவர் அல்லர் என்பது மட்டும் விளங்கும். பெட்டியில் விற்கும் ஆட்டமும் அந்த உரிமையை விருந்தளிப்பவருக்குக் கொடுத்திருக்கிறது. கூத்தில் புதிர் இல்லை. துச்சாதனன் யாரென்று கைக்குழந்தைக்கும் தெரியும். இங்கே புதிர் உண்டு. ஆனால் வந்தவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி, ஐயா, தாங்கள் யார் என்று கேட்டுவிட்டு, அடுத்த நொடியே தன் வேடத்துக்குள் புகுந்துகொள்ளும் அந்தத் திறம் கட்டியங்காரனிடம் படித்தது போலவே இருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் இது. கதை முழுவதையும் அறிந்துகொண்டு வெளியே நின்று நடத்துகிறவரைச் சூத்திரதாரி என்போம்; நாளிதழ்கள் அந்தச் சொல்லின்மேல் பூசிய கறையும் இந்த ஆட்டத்துக்கு அழகுதான். அழைத்தும், பரிமாறியும், வேடங்கட்டி உள்ளேயும் நிற்பவர் ஆணாயின் கட்டியக்காரர், பெண்ணாயின் கட்டியக்காரி. குற்றமற்ற வேடத்தில் இருப்பவருக்கு இந்த வல்லொற்று வடிவமே முறை. கொலையாளி வேடமும் அவருக்கே வாய்த்திருந்தால் திருத்தக்கதேவரின் மெல்லொற்றை ஏற்றிக் கட்டியங்காரர், கட்டியங்காரி என்று சொல்வதுதான் நியாயம். இதில் ஒரே ஒரு சிக்கல்: எந்த ஒற்றைப் போட்டு அழைக்கிறோம் என்பதிலேயே கொலையாளி யாரென்று வெளியாகிவிடும். தீர்வு எழுதிய உறையைப் பிரிக்கும்வரை, ஈழத்தார் போல ஒற்றே இல்லாமல் கட்டியகாரர், கட்டியகாரி என்று அழைத்துச் சமாளித்துக்கொள்ளலாம்.